டைல்ஸ் உடையாமல் துளை போடுவோம்



எங்கள் வகுப்பு மும்பையில் தாராவியில் நடக்கிறது. நம் ஊர் மக்கள் நிறையப் பேர் இங்கே வாழ்கிறார்கள். இங்கே வீடுகள் மிகச் சிறியவை. பத்துக்குப் பத்து அறைதான் பலருக்கு முழு வீடு. தரையில் சாமான் வைக்க இடம் கிடையாது. அதனால் எல்லாமே சுவரில் ஏறிவிடும். பாத்திரம், தண்ணீர் வடிகட்டி, பையனின் புத்தகம் எல்லாம் சுவரில்தான்.

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். சீட்டுப் பணம் எடுத்துச் சமையல் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார். வெள்ளை டைல்ஸ். நடுவில் நீலப் பூ. ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. அதன்மேல் பாத்திர அலமாரி மாட்ட வேண்டும்.

"தம்பி, உங்களிடம் டிரில்லிங் மெஷின் இருக்கிறதாமே? நாலு ஓட்டை போட்டுக் கொடுங்களேன்" என்று என்னிடம் கேட்டார்.

நானும் போனேன். மெஷினைச் சுவரில் வைத்தேன். பலமாக அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். நீலப் பூவின் குறுக்கே ஒரு நீளமான விரிசல்!

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "பரவாயில்லை தம்பி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அன்று மாலை வகுப்பில் இதைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஓர் அண்ணாச்சி சிரித்தார். அவர் இருபது வருடமாக டைல்ஸ் வேலை செய்கிறவர். ஆறு மாதமாக எங்களிடம் எழுத்துப் படிக்கிறார்.

"சாரே, நீங்கள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்" என்றார்.

அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

டைல்ஸ் ஏன் உடைகிறது?

டைல்ஸ் களிமண்ணால் செய்யப்படுகிறது. குஜராத்தில் மோர்பி என்ற ஊர் இருக்கிறது. நம் நாட்டில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி அந்த ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும்தான் வருகிறது. களிமண்ணை அரைத்து, அழுத்தித் தகடாக்குகிறார்கள். சூளையில் சுடுகிறார்கள். சூளையின் வெப்பம் 1000 டிகிரிக்கும் மேலே இருக்கும்.

டைல்ஸின் மேலே பளபளப்பாக ஒரு பூச்சு இருக்கிறது அல்லவா? அது கண்ணாடி மாதிரி. கண்ணாடி கடினமானது. ஆனால் வளையாது. அடித்தால் உடைந்துவிடும். அதன் மேல் முனையை வைத்தால் வழுக்கும்.

ஆக, டைல்ஸில் துளை போடுவது இரண்டு வேலை. முதலில் கண்ணாடிப் பூச்சைத் தாண்ட வேண்டும். அப்புறம் மண் பகுதியைத் தாண்ட வேண்டும். பூச்சைத் தாண்டும்வரை பொறுமை வேண்டும். நான் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

நான் செய்த தவறு இன்னொன்றும் உண்டு. மெஷினில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதன் ஒரு பக்கம் சுத்தியல் படம் இருக்கும். மறுபக்கம் பிட்டின் படம் இருக்கும். பொத்தான் சுத்தியல் பக்கம் இருந்தால் மெஷின் சுற்றிக்கொண்டே இடிக்கும். கான்கிரீட்டுக்கு அது சரி. டைல்ஸுக்கு அது எமன். என் மெஷினில் பொத்தான் சுத்தியல் பக்கம் இருந்தது. நான் பார்க்கவே இல்லை.

"எழுத்துத் தெரிந்தவரும் பார்த்தால்தானே படிக்க முடியும்!" என்றார் அண்ணாச்சி.

எந்த டைல்ஸ், எந்த பிட்?

எல்லா டைல்ஸும் ஒன்றல்ல. சுவரில் ஒட்டும் சாதாரண டைல்ஸ் கொஞ்சம் மெதுவானது. வெட்ரிஃபைடு டைல்ஸ் மிகவும் கெட்டியானது. இதை அதிகமாகத் தரைக்குப் போடுவார்கள். சிலர் சுவருக்கும் போடுகிறார்கள்.

எது என்று தெரியவில்லையா? மீதமான துண்டு இருந்தால் அதைத் திருப்புங்கள். பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சினால் அது சாதாரணச் சுவர் டைல்ஸ். உறிஞ்சாமல் அப்படியே நின்றால் அது வெட்ரிஃபைடு.

இனி பிட்டைப் பார்ப்போம். துளை போடும் முனைக்கு பிட் என்று பெயர். நமக்குத் தேவையானவை மூன்று.

1. வேல் முனை பிட். இதன் நுனி வேல் மாதிரி, இலை மாதிரி இருக்கும். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் என்றே செய்தது. சாதாரணச் சுவர் டைல்ஸுக்கு இது போதும்.

2. வைர பிட். இது உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும். விளிம்பில் வைரத்தூள் பதித்திருக்கும். நகைக்கடை வைரம் அல்ல, ஆலையில் செய்த வைரம். வெட்ரிஃபைடு டைல்ஸுக்கு இதுதான் நல்லது. குழாய் நுழையும் அளவு பெரிய துளைக்கும் இதுதான்.

3. சுவர் பிட். இதன் நுனியில் கார்பைடு என்ற கெட்டியான உலோகத் துண்டு ஒட்டியிருக்கும். டைல்ஸுக்குப் பின்னால் உள்ள செங்கல் சுவருக்கு இது வேண்டும்.

இரும்புக்குத் துளை போடும் பிட்டை டைல்ஸில் வைக்காதீர்கள். அது டைல்ஸை வெட்டாது. சூடாகி மழுங்கிவிடும்.

ஒவ்வொரு பிட்டிலும் ஓர் எண் இருக்கும். 6 என்றால் 6 மில்லிமீட்டர். 8 என்றால் 8 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் பிளக்கிலும் இப்படி எண் போட்டிருப்பார்கள்.

அண்ணாச்சி முன்பெல்லாம் பழைய பிளக் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவாராம். "இதே மாதிரி கொடு" என்று காட்டுவாராம். சில நேரம் கடைக்காரர் அவசரத்தில் வேறு அளவு கொடுத்துவிடுவார். வேலை நடக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். திரும்ப நடக்க வேண்டும். அரை நாள் கூலி போய்விடும். இப்போது எண்ணைப் படித்து வாங்குகிறார். பொட்டலத்தை அங்கேயே பிரித்துச் சரிபார்க்கிறார்.

துளை போடும் முன்பு

மெஷினை எடுக்கும் முன்பே பாதி வேலை இருக்கிறது.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் மெதுவாகத் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொங்' என்று காலிப் பானைபோல ஒலித்தால் உள்ளே சிமெண்டுக் கலவை பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே துளை போட்டால் டைல்ஸ் உடையும். இடத்தை மாற்றுங்கள்.

இரண்டாவது, விளிம்புக்கு அருகே போகாதீர்கள். ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி இருங்கள். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டிலும் போட வேண்டாம். அந்தக் கோடு மெல்லியது. பிட் அகலமானது. இரண்டு பக்கமும் ஓரம் பெயர்ந்துவிடும்.

மூன்றாவது, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் மின்கம்பி ஓடலாம். தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் பைப் ஓடலாம். அந்தக் கோடுகளில் துளை போடக் கூடாது. வீட்டுக்கு வயரிங் செய்தவரைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்துச் சுவிட்சை எம்.சி.பி. பெட்டியிலேயே அணைத்துவிடுங்கள். மெஷினுக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரை எடுக்க அது போதும்.

நான்காவது, சுவர் எவ்வளவு கனம்? பல சின்ன வீடுகளில் நடுச்சுவர் நாலரை அங்குலம்தான். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் கண்ணாடியோ சாமி படமோ மாட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

துளை போடும் முறை

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. துளை வரும் இடத்தில் காகித டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டுங்கள். பிட் வழுக்காது. அதன்மேல் பென்சிலால் புள்ளி வையுங்கள்.

2. அலமாரியை வைத்துப் பார்த்து, புள்ளிகள் சரியா என்று இன்னொரு முறை பாருங்கள். தப்பான துளையை அழிக்க ரப்பர் கிடையாது.

3. பொத்தானைப் பாருங்கள். சுத்தியல் பக்கம் இருக்கக் கூடாது.

4. வேல் முனை பிட்டைப் புள்ளியில் வையுங்கள். மெஷினை நேராகப் பிடியுங்கள். மிக மெதுவாகச் சுற்றவிடுங்கள். பளபளப்பு தேய்ந்து சின்னக் குழி விழும். அதன் பிறகு பிட் வழுக்காது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

5. உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தாதீர்கள். பிட் தன் வேலையைத் தானே செய்யும். நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும்.

6. பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பிட்டை வெளியே எடுத்து ஆற விடுங்கள். டைல்ஸை ஈரத்துணியால் ஒற்றுங்கள். சூடுதான் பிட்டுக்கும் பகை, டைல்ஸுக்கும் பகை. மெஷின் மீது மட்டும் தண்ணீர் படவே கூடாது.

7. தூளின் நிறத்தைப் பாருங்கள். அது உங்களோடு பேசும். முதலில் பூச்சின் தூள் வரும். அடுத்து டைல்ஸ் மண்ணின் தூள் வரும். பிறகு சாம்பல் நிறத் தூள் வந்தால் சிமெண்டைத் தொட்டுவிட்டீர்கள். டைல்ஸ் முடியும் நேரத்தில் கையை இன்னும் இலேசாக்குங்கள்.

8. சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். வேல் முனை பிட்டைக் கழற்றுங்கள். சுவர் பிட்டை மாட்டுங்கள். செங்கல் சுவராக இருந்தால் சுத்தியல் இல்லாமலே துளை விழும்.

வைர பிட்டாக இருந்தால் கொஞ்சம் மாற்றம் உண்டு. அதற்கு நடுமுனை இல்லை. எனவே சற்றுச் சாய்த்துப் பிடித்து ஆரம்பியுங்கள். பிறை போல ஒரு கீறல் விழும். பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். அந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஈர ஸ்பாஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் மெஷினுக்குள் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டும் ஆறும்

துளை நன்றாக விழுந்த பிறகும் டைல்ஸ் உடைவது உண்டு. எப்படி?

பிளாஸ்டிக் பிளக்கின் வேலை விரிவது. திருகாணி உள்ளே போகப் போக பிளக் விரிந்து சுவரை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிளக் டைல்ஸுக்குள்ளேயே இருந்தால் டைல்ஸை விரித்து உடைத்துவிடும். எனவே பிளக் முழுவதும் டைல்ஸைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும்.

இதற்கு அண்ணாச்சி ஒரு கணக்கு வைத்திருக்கிறார். "டைல்ஸில் எட்டு, சுவரில் ஆறு." அதாவது டைல்ஸில் 8 மில்லிமீட்டர் துளை. உள்ளே சுவரில் 6 மில்லிமீட்டர் துளை. பிளக் 6. அப்போது பிளக் டைல்ஸில் உரசாமல் உள்ளே போய்விடும். வெளியே தெரியும் துளையை அலமாரியின் தகடு மறைத்துவிடும்.

ஆழத்துக்கும் கணக்கு உண்டு. நாமே கூட்டிப் பார்ப்போம்.

டைல்ஸ் கனம்: 8 மில்லிமீட்டர்
பிளக் நீளம்: 50 மில்லிமீட்டர்
மொத்தம்: 58 மில்லிமீட்டர்

துளையின் அடியில் தூள் தங்கும். அதற்கு இன்னும் 7 சேர்த்துக்கொள்ளுங்கள். 65 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். பிட்டின் நுனியிலிருந்து 65 அளந்து, அங்கே ஒரு டேப் சுற்றுங்கள். டேப் டைல்ஸைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

திருகாணியைக் கையால் முடுக்குங்கள். இறுகியதும் நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசைதான் பல டைல்ஸை உடைத்திருக்கிறது. குளியலறையாக இருந்தால் துளைக்குள் கொஞ்சம் சிலிக்கான் பசை வையுங்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்காது.

தூளை விழுங்காதீர்கள்

அண்ணாச்சி இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அவரோடு கல் அறுத்த நண்பர் ஒருவர் இருந்தார். இப்போது பத்துப் படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. வேலையை விட்டுவிட்டார்.

கல், டைல்ஸ், சிமெண்டு, செங்கல் இவற்றின் தூளில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அங்கேயே தங்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகும். இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். கல் குவாரிகள் நிறைந்த ராஜஸ்தானில், இந்த நோயால் வாடும் தொழிலாளர்களுக்காக அரசு 2019-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

வீட்டில் நாலு துளை போடுவதால் இந்த நோய் வந்துவிடாது. ஆனால் தினமும் இதே வேலை செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். துண்டை முகத்தில் கட்டினால் போதாது. நுண்ணிய தூள் துணிக்குள் புகுந்துவிடும். என்-95 முகமூடி அணியுங்கள். முடிந்தவரை ஈரமாக வேலை செய்யுங்கள். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். தெறிக்கும் டைல்ஸ் துண்டு கத்தி மாதிரி. தொங்கும் துப்பட்டா, தளர்ந்த கையுறை எதுவும் வேண்டாம். சுற்றும் மெஷின் இழுத்துக்கொள்ளும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

அக்கா வீட்டு அலமாரி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி நாணயத்தால் தட்டிப் பார்த்து இடம் சொன்னார். நான் டேப் ஒட்டினேன். அக்கா பிட்டைக் கையில் வாங்கி எண்ணைப் படித்தார்.

"இது எட்டு. இது ஆறு. சரிதானே அண்ணாச்சி?"

"சரிதான்மா."

முதல் துளையை அண்ணாச்சி போட்டார். அடுத்த இரண்டை நான் போட்டேன். நாலாவது துளையை அக்காவே போட்டார். நாலும் விரிசல் இல்லாமல் விழுந்தன. அலமாரி ஏறியது. பாத்திரங்களும் ஏறின.

நான் உடைத்த டைல்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. மாற்ற அதே பூப்போட்ட டைல்ஸ் கடையில் கிடைக்கவில்லை. விரிசலில் தண்ணீர் போகாமல் வெள்ளைச் சிமெண்டு பூசியிருக்கிறோம். "டைல்ஸ் வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவையுங்கள்" என்பது அண்ணாச்சியின் கடைசிப் பாடம்.

நினைவில் வையுங்கள்

சுத்தியல் பக்கம் வேண்டாம்.
மெதுவாக ஆரம்பியுங்கள்.
அழுத்தாதீர்கள். சூடாக விடாதீர்கள்.
பிளக் டைல்ஸைத் தாண்டி இருக்கட்டும்.
மின்கம்பி, தண்ணீர்க் குழாய் செல்லும் கோட்டில் துளை வேண்டாம்.
மூக்கையும் கண்ணையும் காப்பாற்றுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் வீட்டுச் சுவரில் மின்கம்பி எந்த வழியாக ஓடுகிறது? கேட்டுத் தெரிந்து ஒரு படம் வரையுங்கள்.

2. டைல்ஸ் கனம் 10 மில்லிமீட்டர். பிளக் நீளம் 40 மில்லிமீட்டர். தூளுக்கு 5 மில்லிமீட்டர் சேருங்கள். துளையின் ஆழம் எவ்வளவு?

3. தூசியில் வேலை செய்கிறவர் உங்கள் தெருவில் யார்? இந்தப் பாடத்தில் அவருக்குப் பயன்படும் பகுதி எது? அவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.